குடல்வால் ஆபரேஷன்

"அம்மா இங்கேயே இருக்கட்டுமா மேனகா, இல்ல கொஞ்ச நேரம் வெளிய உக்காரட்டுமா?" என்று கேட்டுவிட்டு மன ஆலோசகர் ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்தாள். கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டது என்று மேனகாவுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இந்த இருபத்தொன்பது வயதுக்குள் அவள் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்கப்பட்ட கேள்விகளை அவளால் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிவிட முடியும். மற்றதெல்லாம் அவள் தலைக்கு மேலே, சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மாவிடம்தான் போகும், பாப்பா சாப்பிட்டுச்சா, பாப்பா தூங்குதா, நாம பேசுறது பாப்பாவுக்குப் புரியுமா. இப்போதும் அம்மாதான் பதில் சொன்னாள். "நான் இல்லாம அது பேசுறது உங்களுக்கு விளங்காது மேடம். நான் இருந்தாத்தான் சரிப்படும்." அம்மா ராமுத்தாய் சொன்னதில் பொய் இல்லை. பிறந்ததும் அழாத பிள்ளை மேனகா. மூளைக்குக் காற்றுப் போகாத அந்தச் சில நிமிடங்கள் கை, கால், நாக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மட்டும் அவளிடம் விட்டுவிட்டன. உள்ளே ஒரு வாக்கியம் முழுசாக, தெளிவாக நிற்கும். அது வாய்க்கு வந்து சேர்வதற்குள் கழுத்து இழுத்து, உதடு கோணி, எச்சில் முந்திக்கொள்ள, கேட்டவர்கள் வேறு பக்கம் திரும்பியிருப்பார்கள். அம்மா மட்டும் திரும்பமாட்டாள். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தானே சொல்லிவிடுவாள். முக்கால்வாசி சரியாகவே இருக்கும்.

இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். 'இ' சுலபமான எழுத்து, பல்லைக் கொஞ்சம் காட்டினால் போதும். 'வெளியே' அப்படி இல்லை, கீழுதட்டைப் பல்லுக்குக் கொண்டுபோய் அங்கே நிறுத்த வேண்டும், அது நிற்காது, வழுக்கும். இட்லியா தோசையா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் இட்லி இட்லி என்று சொல்லியே மேனகாவுக்கு இட்லி என்றால் உயிர் என்று தெருவெல்லாம் பேராகிவிட்டது. அவளுக்குத் தோசைதான் பிடிக்கும், ஓரம் சிவந்த தோசை. நாக்குக்கு எது எளிதோ அதையே தனக்கு வேண்டியது என்று சொல்லிச் சொல்லி, எது நிஜமாக வேண்டியது என்பதே சில நாள் மறந்துபோகிறது. ஆனால் இன்றைக்கு மறக்கவில்லை. காலையில் ஆட்டோவில் அம்மா அவளை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தபோது, திண்டுக்கல் பேருந்து நிலையத்தைத் தாண்டும்வரை அவள் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை வெளியே போகச் சொல்ல வேண்டும். அம்மா வெளியே போனால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? அங்கே வந்ததும் நினைப்பு நின்றுவிடும், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"எட்டு மாசமா இப்படித்தான் மேடம்," என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "குளிப்பாட்ட விடமாட்டேங்குது. வயித்துல கை பட்டாலே வெறைச்சுக்குது. சோப்பு போடப் போன என்னைக் கடிச்சு வச்சிருச்சு, இங்க பாருங்க." மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். மேனகா பார்க்காமல் இருக்க முயன்று பார்த்தாள். பிறை மாதிரி கறுத்த இரண்டு வரி, அவளுடைய பல். அந்தக் கைதான் சோறு ஊட்டுகிறது, தலை வாருகிறது, இரண்டு வேளையும் கழுவி விடுகிறது. "போன மாசம் ஒரு டாக்டர்கிட்டக் காமிச்சோம். மாத்திரை குடுத்தாரு, நாள் பூரா தூங்குச்சு. அப்புறந்தான் வீட்டுக்கு வந்து இதுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த டீச்சர் உங்க விலாசத்தைக் குடுத்தாங்க." அந்த டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே இதுக்குப் புத்தி எந்த அளவுக்கு இருக்கு என்று கேட்டார், அம்மா எல்லாம் புரியும் சார் என்றாள், அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். இந்த ஜெசிந்தா அப்படி இல்லை போலத்தான் தெரிகிறது. வந்ததும் நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஒரு குட்டை முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், முகத்துக்கு நேரே முகம். தன் பெயரைச் சொன்னாள், மன ஆலோசகர் என்று சொன்னாள், கதவு எங்கே இருக்கிறது, பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு முடியும் எல்லாவற்றையும் சொன்னாள். ஆமாம் என்பதற்கு என்ன செய்வீர்கள், இல்லை என்பதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மேனகா ஆமாமுக்குக் கண்ணை மேலே தூக்கிக் காட்டினாள், இல்லைக்கு உதட்டை மடித்துக் காட்டினாள். நீங்க, நீங்க என்கிறாள். மேனகாவை நீங்க என்று சொல்வது செல்போன் கம்பெனிக்காரர்கள் பதிவுசெய்து வைத்த குரல் ஒன்றுதான். ஆனாலும் நம்பிவிடக் கூடாது. நல்லவர்கள் முதல் கால் மணி நேரம் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள்.

அம்மாவை வெளியே அனுப்புவது என்றால் என்ன? வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது, உள்ளே வரும்போது பார்த்தாள். அம்மா அதில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டிருப்பாள். உள்ளே நம்மைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைப்பாள். நினைப்பு சரியாகத்தான் இருக்கும். அதற்கப்புறம் வீட்டுக்குப் போக வேண்டும், அம்மாதான் ஆட்டோவில் தூக்கி உட்கார வைப்பாள், அம்மாதான் கட்டிலில் கிடத்துவாள், அம்மாதான் இரவு இரண்டு முறை எழுந்து புரட்டிப் போடுவாள். அப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. அம்மா மில்லில் ஷிப்டு முடித்து, தலைமயிரெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தூக்குவாள். வேறு யார் தூக்குவார்கள்? ஒருவேளை இந்த மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போலீஸுக்குச் சொன்னால்? அம்மாவைக் கூட்டிப்போனால்? ஹோம் என்று ஒன்றை மேனகா டிவியில் பார்த்திருக்கிறாள், வரிசையாகக் கட்டில், எல்லோருக்கும் ஒரே மாதிரி மொட்டை, ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி. அங்கே யாரும் முதல் எழுத்தைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். வேண்டாம். இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். இ. ஆனால் சொல்லிவிட்டால் இன்று சாயங்காலம் குளியலறையில் அந்தக் கை மறுபடியும் ஈரத்தோடு வயிற்றுக்கு வரும், தழும்பின் மேல் வரும், எதுவும் தெரியாத மாதிரி வரும்.

அந்த நினைப்பே போதுமாக இருந்தது. அவளிடம் கேட்காமல் வலது கை தூக்கிக்கொண்டது, தோளிலிருந்து ஒரு வெட்டு, மேஜையில் இருந்த எவர்சில்வர் தம்ளர் தண்ணீரோடு சுவரில் மோதி உருண்டது. "ஐயோ மேடம், மன்னிச்சுக்கங்க," என்றபடி அம்மா பின்னாலிருந்து பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து நாற்காலியின் கையோடு சேர்த்து அழுத்தினாள், எப்போதும் செய்வதுதான், அழுத்தினால் சீக்கிரம் அடங்கும், ஆனால் இப்போது அது அம்மாவின் கையாக இல்லை, வெள்ளைத் துணிப்பட்டையாக இருந்தது, கை ஆடுது, ரெண்டையும் கட்டுங்க, காலையும் கட்டுங்க, என்றது ஒரு ஆண் குரல், உறை மாட்டிய விரல்கள், முதுகுக்குக் கீழே சில்லென்ற மேஜை, உச்சியில் வட்ட விளக்கு, பதினேழு வயது, உடம்பில் ஒரு துண்டுத் துணி, யாரோ ஒரு நர்ஸ் மற்றவளிடம் இடியாப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், மேனகா குடல்வால் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்க நினைத்தாள், கு, கு, என்று அவள் சொல்வதற்குள் ரப்பர் நாற்றத்தோடு முகமூடி வந்து மூடியது, மூச்சு விடும்மா, நல்லா இழுத்து விடு, எண்ணிக்கிட்டே வா என்றார்கள். யாருக்கு எண்ணத் தெரியும் என்று நினைத்து அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று இப்போதும் அவளுக்கு விளங்கவில்லை. முழிப்பு வந்தபோது அம்மாவின் முகம் மேலே தெரிந்தது. குடல்வாலை எடுத்தாச்சு பாப்பா, இனிமே வயித்துவலி வராது. அம்மா அப்போது அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அழுத அலுப்பு என்று மேனகா நினைத்துக்கொண்டாள்.

"கையை விட்டுருங்கம்மா," என்றது ஒரு குரல். இந்த அறை, பச்சைச் சுவர், சுழலும் மின்விசிறி. ஜெசிந்தா எழுந்திருக்கவில்லை, தண்ணீரைத் துடைக்கவில்லை, தம்ளரை எடுக்கவும் இல்லை. "அது தானா நிக்கட்டும். இங்க எதுவும் உடையாது. மேனகா, நீங்க இப்ப திண்டுக்கல்ல, என் ரூம்ல இருக்கீங்க. நானும் அம்மாவும் இருக்கோம். வேற யாரும் இல்ல." அம்மா தயங்கித் தயங்கி விரல்களை எடுத்தாள். கை இன்னும் இரண்டு முறை வெட்டிவிட்டு மடியில் விழுந்தது. யாரும் அழுத்தாமல் அது தானாக அடங்கி எத்தனை நாளாயிற்று? மேனகா மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். கீழுதட்டைப் பல்லுக்குக் கொண்டுபோனாள். வழுக்கியது. திரும்பவும் கொண்டுபோனாள். "வெ..." "வெக்கையா இருக்குங்குது மேடம், ஃபேனைக் கூட்டச் சொல்லுது," என்று அம்மா சுவிட்சைத் தேடித் திரும்பினாள். "இன்னும் முடிக்கலன்னு நினைக்கிறேம்மா," என்றாள் ஜெசிந்தா. அவள் கண் மேனகாவின் வாயில் இல்லை, கண்ணில் இருந்தது. சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. வெ என்பது போய் காற்றுத்தான் வந்தது, எச்சில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது, துடைக்க வந்த அம்மாவின் முந்தானை பாதியில் நின்றது. "வெளி... ய." அம்மா, "என்னையவா?" என்று கேட்டாள். மேனகா கண்ணை மேலே தூக்கினாள். அம்மா பையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "தண்ணி கேட்டா மெதுவாக் குடுக்கணும் மேடம். நிமித்திக் குடுத்தாப் பொரையேறிரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போய்விட்டாள். நாற்காலிக்குப் பின்னால் ஆள் இல்லை. முதுகு திறந்துகிடப்பது போல இருந்தது. திரும்பக் கூப்பிட்டுவிடலாமா? இந்த மேடம் சிரிக்கவில்லை, சபாஷ் என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் நல்லது. மேனகாவுக்கு முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். "எனக்கு விளங்கல," என்றாள் ஜெசிந்தா. "விளங்கின மாதிரி தலையாட்ட மாட்டேன். இன்னொரு தடவை சொல்றீங்களா, இல்ல வேற வழி ஏதாவது இருக்கா?" மேனகா கண்ணால் மடியைக் காட்டினாள். துணிப்பையில் செல்போன் இருந்தது. எடுத்துத் தரட்டுமா என்று கேட்டுவிட்டு ஜெசிந்தா எடுத்து, அவள் கண்ணால் காட்டிய உயரத்தில் பிடித்துக்கொண்டாள். மடங்கிய நடுவிரலின் முட்டியால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்த வேண்டும், பாதி தப்பும், அழிக்க வேண்டும். சொன்னா அம்மாவ புடிச்சுட்டு போவாங்களா. ஜெசிந்தா படித்தாள். உடனே இல்லை என்று சொல்லியிருந்தால் மேனகா அங்கேயே நிறுத்தியிருப்பாள். அவள் யோசித்தாள். "நீங்க வளர்ந்த பொண்ணு. நீங்க இங்க சொல்றது உங்களோடது. நான் யார்கிட்டயும் எடுத்துட்டு ஓட மாட்டேன். இப்ப உங்க உயிருக்கு ஆபத்து இருந்தா மட்டும் நான் சும்மா இருக்க முடியாது. அப்பவும் முதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன். என்ன செய்யலாம்னு ரெண்டு பேரும் சேர்ந்துதான் யோசிப்போம். இப்ப ஆபத்து ஏதாவது இருக்கா?" மேனகா இல்லை என்று உதட்டை மடித்தாள். இருந்ததெல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? ஸ்கேன் சென்டரிலிருந்தா? மாசியில் வயிற்றுவலி என்று போனார்கள். மில் மேஸ்திரி போன் பண்ண, அம்மா பேச வெளியே போனாள். அந்த இளம் டாக்டர் வயிற்றில் பசையைத் தடவி உருளையை ஓட்டிக்கொண்டே, "கர்ப்பப்பையே இல்லையே, எப்ப எடுத்தாங்க?" என்றாள். மேனகாவைத்தான் கேட்டாள். மேனகா வாயைத் திறக்க முயன்றுகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்தவளிடம், "எடுத்தாச்சுன்னு எழுதிக்க. இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு வீட்ல எடுத்துருவாங்க," என்றாள். அவ்வளவுதான். துடைத்துவிட்டார்கள். அம்மா வந்து பாவாடையைச் சரிசெய்தாள். கட்டிலில் கிடந்து மூன்று நாள் செல்போனில் விரல்முட்டியால் குத்திக் குத்தி மேனகா அந்தச் சொல்லைத் தேடிப் படித்தாள். படித்த பிறகும் குடல்வால் குடல்வால் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள், சொன்னால் அது திரும்பக் குடல்வாலாக மாறிவிடும் என்பதுபோல. ஆபரேஷனுக்குப் பிறகு தீட்டு வரவில்லை. கேட்டதற்கு ஊசி போட்டு நிறுத்தியிருக்காங்க பாப்பா, உனக்கும் சிரமம் பாரு, என்றாள் அம்மா. நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் திறந்துவிடலாம், தெருக்குழாய் மாதிரி, என்றைக்காவது ஒருநாள். பன்னிரண்டு வருஷம் மேனகா அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம், பிள்ளை என்றெல்லாம் இல்லை, அவளுக்குப் பைத்தியமா என்ன. வேறு விஷயம் அது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கை அவள் பேச்சைக் கேட்காது, கால் கேட்காது, நாக்கு கேட்காது, கண்ணிமைகூடச் சில நேரம் மாட்டிக்கொள்ளும். வயசுக்கு வந்த பிறகான அந்த நாலு வருஷம் மட்டும் மாசத்துக்கு ஒருமுறை, நாள் தவறாமல், யாரும் தூக்கிவிடாமல், யாரும் பிடித்து அழுத்தாமல், அவள் உடம்பு ஒரு காரியத்தைத் தானாகச் சரியாகச் செய்தது. பக்கத்து வீட்டு அக்காக்களுக்கு எப்படியோ அப்படியே. அம்மா முகம் சுளித்துத் துணி மாற்றும்போது மேனகாவுக்கு உள்ளே ஒரு கர்வம் இருந்தது. அதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. வாயில் பாதி, செல்போனில் பாதியாக அரைமணி நேரத்தில் வந்தது ஐந்தாறு வாக்கியம். குடல்வால் இல்லை. கர்ப்பப்பை. அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. தண்ணி பட்டா அந்த மேஜை ஞாபகம் வருது. சரியா வேலை செஞ்சது அது ஒண்ணுதான். கடைசி வாக்கியத்தைக் குத்தி முடித்ததும் மேனகா ஜெசிந்தாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். இப்போது சொல்வாள். அம்மா உன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க என்பாள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், எட்டு மாதமாக அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டதும் அதைத்தான். அந்த வார்த்தை மட்டும் வந்தால் இனி இங்கே வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டாள். ஜெசிந்தா செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அதைத் தாழ்த்தினாள். "உங்களைக் கேக்காம உங்க உடம்புல இருந்து எடுத்திருக்காங்க," என்றாள். "உங்ககிட்டப் பொய்யும் சொல்லியிருக்காங்க." அவ்வளவுதான் சொன்னாள். மேனகாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது அழுகைதானா என்று அவளுக்கே தெரியவில்லை, மாடு கத்துவது போல நீளமாக வந்தது. வெளியே பெஞ்சு நகரும் ஓசை கேட்டது. ஜெசிந்தா அழாதீங்க என்று சொல்லவில்லை. சத்தம் தீரும்வரை இருந்துவிட்டு, "இத்தோட நிறுத்திக்கலாம். அம்மாகிட்ட இதைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். இன்னைக்கே சொல்லணும்னு இல்ல, என்னைக்குமே சொல்லணும்னும் இல்ல," என்றாள். சொல்லாமல் போகலாம். ஆட்டோ, கட்டில், சாயங்காலம், குளியலறை. இதே நினைப்பை இன்னும் எட்டு மாதம் சுற்றலாம். பயம் போய்விடவில்லை. ஆனால் இனி அதைத் தனியாகச் சுமக்கச் சக்தி இல்லை. "கூ... ப்பிடுங்க," என்றாள் மேனகா.

ராமுத்தாய் உள்ளே வந்தாள். வந்ததும் மகள் முகத்தைப் பார்த்தாள், ஜெசிந்தாவைப் பார்த்தாள், நாற்காலிக்குப் பின்னால் போகத்தான் கால் எடுத்தாள், என்னவோ தோன்றி எதிரே போய் நின்றாள். "என்ன பாப்பா, எதுக்கு அழுத? அம்மா என்ன செஞ்சேன்?" மேனகா ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை. இதை செல்போனில் குத்தக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லாக இழுத்தாள், அம்மா நடுவில் புகுந்துவிடுவாள் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் பயந்தாள், அம்மா புகவில்லை, புகுந்து முடித்துவைக்க முடியாத வாக்கியம் அது. "எடுத்தது... குடல்வால்... இல்ல." அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முகம் அப்படியே இருக்க, தரையில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"ஷிப்டுக்குப் போறப்ப உன்னையப் பூட்டிட்டுத்தான் போவேன். ஒரு பூட்டை உடைக்க எவ்வளவு நேரமாகும்? எவனாவது வந்து என்னமாவது ஆகி, வயித்துல நின்னுட்டா? நீ கத்தினாலும் யாருக்கு விளங்கும்? ஆபரேஷன் பண்ண டாக்டர் சொன்னாரு, இது ஒண்ணுதாம்மா வழின்னு. அவரு சொல்றதுக்கு முன்னாடியே நான் நினைச்சு வச்சிருந்தேன். அவரு மேல பழி போட மாட்டேன்."

எடுத்தது வருகிறவனைத் தடுக்க அல்ல, வந்துபோன தடம் தெரியாமல் இருக்கத்தான் என்று மேனகா நினைத்தாள். அதைச் சொல்லவில்லை. எட்டு மாதமாக உள்ளே கிடந்ததில் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்.

"என்னைய... கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னு."

ராமுத்தாய் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "தெரியும். அதனாலதான் கேக்கல."

இதுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துத்தான் அம்மா கேட்காமல் விட்டாள், ஒரு ஆடு மாடு மாதிரி, என்றே இத்தனை நாளும் மேனகா அழுதிருந்தாள். அப்படி இல்லை. உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்பதும், கேட்டால் வேண்டாம் என்பாள் என்பதும் அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. தெரிந்தேதான் குடல்வால் என்று சொன்னாள். இது முன்னைவிட மோசமா, கொஞ்சம் தேவலையா, மேனகாவால் பிரிக்க முடியவில்லை. மன்னிப்பு என்று எதுவும் வரவில்லை. கோபம் இருந்தது, அது முதல் தடவையாக ஒரு ஆளின் மேல் போய் நின்றது. மேலிருந்து பார்க்கும்போது அம்மாவின் வகிடு தெரிந்தது, அகலமாகிவிட்ட வகிடு, ஓரத்தில் பஞ்சு.

"இன்னும்... இருக்கு," என்றாள் மேனகா.

"சொல்லு," என்றாள் ராமுத்தாய். மேனகா வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை, மறுபடியும் திறந்தாள். ராமுத்தாய் எழுந்திருக்காமல், ஈரத் தரையிலேயே, அது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.